கந்தைக்கும் கதை உண்டு!



"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழியை நாம் எல்லோரும் சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் கசக்கினாலே கையோடு வந்துவிடும் அளவுக்கு இற்றுப்போன கந்தையை என்ன செய்வது? குப்பையில் போடலாம் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்க ஆயா அப்படி நினைக்கவில்லை. பழைய துணியில் போர்வை தைப்பது எப்படி, அது ஏன் அவ்வளவு கதகதப்பாக இருக்கிறது, உலகத்தில் வேறு யாரெல்லாம் இப்படித் தைக்கிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புயல் வந்த இரவு

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்க வீட்டில் முட்டி அளவு தண்ணி. அரிசி மூட்டையையும் என் புத்தகப் பையையும் பரண்மேல் ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை மறந்துட்டோம்.

அந்தப் பெட்டியில்தான் ஆயாவின் பழைய சேலைகளும், அதற்கு முந்தின வருஷம் இறந்துபோன தாத்தாவின் வேட்டிகளும் இருந்தன. தண்ணி வடிந்தபின் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே சேறு. நாலு தடவை துவைத்தும் செம்மண் கறை போகவே இல்லை. பெட்டியின் துருவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

"எல்லாத்தையும் வாரிக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுடலாம்" என்று அம்மா சொன்னாங்க. ஆயா விடவில்லை. "சேறுதானே பட்டிருக்குது? உசுரா போச்சு? அப்படி வையி" என்று சொல்லி எல்லாவற்றையும் வெயிலில் காயப் போட்டாங்க. பொங்கல் முடிந்ததும் மத்தியான வேளையில் திண்ணையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாங்க. பங்குனியில் முடித்தாங்க. ஊசிக்கும் நூலுக்கும் ஆன செலவு 60 ரூபாய்தான். துணிச் செலவு ஒன்றும் இல்லை.

ஒரு சேலையின் வாழ்க்கை வரலாறு

தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றை நாம் படிக்கிறோம். சேலைக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது என்று ஆயா தைக்கும்போது எனக்குச் சொன்னாங்க.

புதுசாக இருக்கும்போது கல்யாணம், திருவிழாவுக்குக் கட்டுவார்கள். சாயம் மங்கினால் வீட்டில் கட்டுவது. இன்னும் பழசானால் கழனி வேலைக்கு. நடுவில் கிழிந்தால், கிழியாத பகுதியில் சின்னப் பிள்ளைக்குப் பாவாடை. மிச்சத்தில் குழந்தைக்கு ஏணை கட்டுவார்கள். பிறந்த குழந்தையைப் பழைய சேலையில்தான் சுற்றுவார்கள். பலமுறை துவைத்த பருத்திக்குப் புதுத் துணியின் கஞ்சியும் முரட்டுத்தனமும் கிடையாது. அதனால் குழந்தையின் தோலை உறுத்தாது.

அதற்குப் பிறகு தலையில் குடம் வைக்கச் சும்மாடு. அடுப்பில் இருந்து சட்டி இறக்கக் கரித்துணி. வெள்ளை வேட்டி என்றால் கடைசியில் விளக்குத் திரி. விளக்கில் எரிந்து முடிகிறவரைக்கும் துணிக்கு வேலை இருக்கிறது! நாம்தான் அதைப் பாதி வயசிலேயே ஓய்வு பெறச் சொல்கிறோம்.

போர்வை தைக்கும் முறை

தேவையான பொருட்கள்: பழைய பருத்திச் சேலை 1, நாலு முழ வேட்டி 1, கிடைக்கும் துண்டுத் துணிகள், தடித்த ஊசி, நூல்கண்டு, கத்தரிக்கோல், நாலு செங்கல்.

1. துணிகளை வெந்நீரில் துவைத்து நன்றாகக் காய வைக்கவும். புதுத் துண்டாக இருந்தால் தனியாகத் துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் ஒரு சிவப்புத் துண்டு போர்வை முழுவதையும் ரோஸ் ஆக்கிவிடும்.

2. ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும். வலை மாதிரி தெரிந்தால் அது இற்றுப்போன இடம். அதைத் தூக்கிப் போட வேண்டாம், உள் அடுக்கில் வைக்கலாம். கெட்டியான துணி வெளியே வரட்டும்.

3. சேலை ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். அதை மூன்று சம பாகமாக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 183 செ.மீ. வரும். ஒரு ஆள் படுக்க இது போதும். கத்தரிக்கோலால் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையாலேயே கிழிக்கவும். பருத்தித் துணி நூல் போகும் வழியில் நேராகக் கிழியும். ஸ்கேல் தேவையில்லை.

4. மூன்று பாகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிக்கவும். அதன்மேல் வேட்டி. நாலு முழ வேட்டி இந்த அளவுக்கு அப்படியே பொருந்தும். சுருக்கம் இல்லாமல் நீவி, நாலு மூலையிலும் செங்கல் வைக்கவும்.

5. துண்டுத் துணிகளைச் சதுரமாகவோ நீளமாகவோ வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, மேலே அடுக்கவும். துணி நகராமல் இருக்க முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொள்ளவும். கடைசியில் இதைப் பிரித்துவிடலாம்.

6. இப்போது ஓட்டுத் தையல். ஊசி மேலே வந்து கீழே போய் மேலே வரும், அவ்வளவுதான். வரிசைக்கு வரிசை ரெண்டு விரல் இடைவெளி. நூல் ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். ஐந்து அடுக்கில் ஊசியைத் தள்ளுவது கஷ்டம். ஆயா விரலில் பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுவாங்க.

7. கடைசியில் சேலைக் கரையைக் கிழித்து நாலு பக்கமும் பட்டி வைத்துத் தைக்கவும். கரை கெட்டியாக நெய்திருப்பதால் ஓரம் சீக்கிரம் பிய்யாது.

நைலெக்ஸ், பாலியஸ்டர் துணியை உள்ளே வைக்காதீர்கள். வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது.

துண்டுத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? திண்டிவனம் நேரு வீதிக்கு அப்பாவோடு போனபோது ஒரு டைலர் கடையில் கேட்டேன். ஜாக்கெட் வெட்டின மிச்சத்தையும் லைனிங் துணியையும் ரெண்டு பை நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "குப்பை வண்டிக்குப் போறது உன்கிட்ட வருது, எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

துணியை எந்தப் பக்கம் இழுத்தால் நீளும்?

இதை இப்போதே உங்கள் கைக்குட்டையில் செய்து பார்க்கலாம். நெய்த துணியில் நீளவாக்கில் போவது பாவு நூல், குறுக்கே போவது ஊடை நூல். கைக்குட்டையை நூல் போகும் பக்கமாக இழுங்கள், அவ்வளவாக நீளாது. இப்போது மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். ரப்பர் மாதிரி நீளும்! நூல் நீளவில்லை. பாவும் ஊடையும் சேரும் கட்டங்கள் சாய்ந்து கொடுக்கின்றன.

நான் முதலில் தைத்த துண்டு அப்பளம் மாதிரிப் புடைத்துக்கொண்டது. ஒரு துண்டை நேராகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் வைத்துத் தைத்ததுதான் காரணம். ஆயா அதைப் பிரித்துவிட்டு, "துணி எப்படிப் போவுதோ அப்படியே நீயும் போவணும்" என்று சொன்னாங்க. பாவு, ஊடை என்று யாரும் அவங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. அவங்க கைக்கு அது தெரிந்திருக்கிறது.

ஏன் கதகதப்பாக இருக்கிறது?

மார்கழிப் பனியில் கடையில் வாங்கின போர்வையைவிட இந்தப் போர்வைதான் எனக்குக் கதகதப்பாக இருந்தது. ஏன் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க திருப்பிக் கேட்டாங்க: "போர்வை சூடு கொடுக்குதா, இல்லை உன் சூட்டை வெளியே விடாமல் பிடிச்சு வைக்குதா?"

போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. நம் உடம்புச் சூட்டைத்தான் அது காப்பாற்றுகிறது. காற்று ஒரு அரிதிற் கடத்தி. துணி அடுக்குகளுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. குறுக்கும் நெடுக்குமாகத் தையல் இருப்பதால் அந்தக் காற்று அதிகம் நகர முடியாது. அதனால் வெப்பக் கடத்தலும் குறைகிறது, வெப்பச் சலனமும் குறைகிறது. ஒரே தடித்த துணியைவிடப் பல மெல்லிய அடுக்குகள் நல்லது என்பதற்கு இதுதான் காரணம். குளிர் நாட்டில் சட்டைமேல் சட்டை போடுவதும் இதற்காகத்தான்.

தையலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இற்றுப்போன துணி தனியாக இருந்தால் ஒரு இழுப்பில் கிழிந்துவிடும். ரெண்டு விரலுக்கு ஒரு தையல் வரிசை இருந்தால் இழுக்கிற பாரம் ஐந்து அடுக்குக்கும் பகிர்ந்து போகிறது. பலமில்லாதது எல்லாம் சேர்ந்து பலமாகிவிடுகிறது.

ஒரு போர்வைக்கு எத்தனை தையல் என்று கணக்குப் போட்டேன். அகலம் சுமார் 115 செ.மீ. நாலு செ.மீ.க்கு ஒரு வரிசை என்றால் 28 வரிசை. ஒவ்வொரு வரிசையும் 183 செ.மீ. மொத்தம் 51 மீட்டர். ஒரு செ.மீ.க்கு ஒரு தையல் வைத்தால் ஐயாயிரத்துக்கும் மேல்! விடை வந்ததும் ரெண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

உலகமெல்லாம் கந்தை

"கந்தை" என்ற நம் சொல்லுக்கு வங்காளத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அங்கே பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட போர்வைக்குக் "காந்தா" என்று பெயர். ரெண்டு சொல்லும் "கந்தா" என்ற வடமொழிச் சொல்லில் இருந்து வந்தவை. அந்தப் பெண்கள் தையல் நூலைக்கூடக் கடையில் வாங்காமல் பழைய சேலைக் கரையில் இருந்து உருவி எடுத்தார்களாம். அதிலேயே தாமரை, மீன், யானை எல்லாம் தைத்தார்கள். மகாராஷ்டிராவில் இந்தப் போர்வைக்குக் "கோதடி" என்று பெயர்.

பக்கத்து மாநிலமான கர்நாடகாவில், உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இவர்கள் தைக்கும் போர்வைக்குக் "கவந்தி" என்று பெயர். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து முக்கோணப் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் நினைப்பதில்லை. வயிற்றுப்பாட்டுக்கே கஷ்டப்பட்டவர்கள் பழைய துணிக்கும் பூ வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த பேண்ட், சட்டைகளைக் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். 2006-ல் அமெரிக்க அரசு அந்தப் போர்வைகளைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

இதையெல்லாம் கணினி அறையில் டீச்சர் படமாகக் காட்டியபோது என் நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால் அந்தப் படங்களில் இருந்தது எங்க ஆயாவின் போர்வை மாதிரியே இருந்தது.

நம் மாவட்டத்துப் பொம்மை

வேறு நாட்டுக்குப் போக வேண்டாம். நம் விழுப்புரம் மாவட்டக் கடலோரத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நாம் யாரும் அப்போது பிறக்கவில்லை. வீட்டையும் உறவையும் இழந்த மீனவப் பெண்கள் கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனம், உமா பிரஜாபதி என்பவரின் முயற்சியால், அந்தப் பெண்களுக்கு ஒரு சின்னப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. உடை தைத்தபின் மிஞ்சிய துண்டுத் துணியில்தான் செய்தார்கள். விரல் நீளம்கூட இருக்காது. பெயர் "சுனாமிகா".

இந்தப் பொம்மையை விலைக்கு விற்கவில்லை. அன்பளிப்பாக மட்டுமே கொடுத்தார்கள். விரும்பியவர்கள் நன்கொடை தந்தார்கள். அதில் இருந்து அந்தப் பெண்களுக்கு வருமானம் கிடைத்தது. லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய துண்டுத் துணி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது மட்டும் இல்லை, அழுதுகொண்டு இருந்த கைக்கு வேலையும் கொடுத்தது. புயலுக்குப் பிறகு எங்க ஆயா ஏன் உடனே ஊசியை எடுத்தாங்க என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

நான் செய்த தப்பு

இப்போது முதலில் சொன்ன தப்புக்கு வருகிறேன். போன வருஷம் கோடை விடுமுறையில் என் தோழிகள் நாலு பேர் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்க வருவது தெரிந்ததும் நான் ஆயாவின் போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஒட்டுப் போட்டது, பழசு, பார்த்தால் சிரிப்பாங்க என்று வெட்கம். ஆயா அதைப் பார்த்துட்டாங்க. ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தைக்கவும் உட்காரவில்லை.

அப்புறம் ஆயாவுக்குக் கண்ணில் புரை என்று விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். துணைக்கு நானும் போனேன். ஆயா அந்தப் போர்வையைத்தான் பையில் எடுத்து வந்தாங்க. எனக்கு அங்கேயும் கூச்சம். ஆனால் பக்கத்துக் கட்டில் பாட்டி வந்து அதைத் தொட்டுப் பார்த்து, "இது யார் புடவை?" என்று கேட்டாங்க. ஆயா சொல்ல ஆரம்பித்தாங்க. "இது எம்பொண்ணு வளைகாப்புக்குக் கட்டினது. இது பொங்கலுக்கு ரேஷன்ல குடுத்தது. இது பேத்தி அஞ்சாவது படிக்கும்போது போட்ட கவுனு." எதிர்க் கட்டில், அந்தக் கடைசிக் கட்டில் என்று எல்லாப் பாட்டிகளும் கூடிவிட்டாங்க. அவங்க அவங்க வீட்டுச் சேலைக் கதை, சும்மாட்டுக் கதை எல்லாம் வந்தது. நர்சு அக்கா வந்துதான் அனுப்பி வைத்தாங்க.

கடைசியாக ஒரு பாட்டி கேட்டாங்க, "நடுவுல இன்னா வச்சிருக்கே?" ஆயா மெதுவாகச் சொன்னாங்க, "அவரு வேட்டி."

எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வேட்டியை நீவி விட்டவள் நான். அது எந்த வேட்டி என்று நான் கேட்கவே இல்லை. கறை போகாத தாத்தா வேட்டியை ஆயா யார் கண்ணிலும் படாமல் உள்ளே வைத்துத் தைத்திருக்காங்க. அதைத்தான் நான் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஆயாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் ஊசியில் நூல் கோர்க்க இன்னும் கஷ்டப்படுறாங்க. அதனால் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு வருகிறேன். சாயங்காலம் போனால் பத்தும் காலியாக இருக்கும். எந்தத் துண்டு யாருடையது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 41 துண்டு எழுதியாச்சு.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஒரு பருத்தி டி-சர்ட் உருவாக, பருத்திச் செடிக்குப் பாய்ச்சுவதில் இருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது.

★ தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பர் 23-ல் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது.

★ பழைய சட்டையின் அடிப்பாகத்தைத் தைத்து, மேலே கைப்பிடி வைத்தால் அரை மணி நேரத்தில் ஒரு துணிப்பை தயார்!

ஒரு வேண்டுகோள்

புயல் நிவாரணத்துக்கு வந்த துணி மூட்டையில் கிழிந்ததும் பட்டன் இல்லாததும் நிறைய இருந்தது. வாங்கிய எங்களுக்கு வருத்தமாக இருந்தது. கிழிந்த துணியை அடுத்தவருக்குக் கட்டக் கொடுக்காதீர்கள். அதைத் தைக்கிறவர்களிடம் கொடுங்கள். கட்டத் தகுந்ததைத் துவைத்து மடித்துக் கொடுங்கள்.

நம் வகுப்பில் ஒரு "கந்தைப் பெட்டி" வைக்க டீச்சரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய பருத்தித் துணியைத் துவைத்து, காய வைத்துக் கொண்டு வாருங்கள். ஒன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகள் தரையில் உட்கார ஒரு விரிப்பு தைப்போம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஊசி பிடிக்க நான் சொல்லித் தருகிறேன். பையன்களும் வரலாம், டைலர் அண்ணன்கள் எல்லாம் ஆண்கள்தானே!

துணி கொண்டு வரும்போது அது யார் கட்டியது என்று ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொண்டு வரவும். மறந்துவிடாதீர்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி